குறையாத ஆயில்

எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்தவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காவிட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அதை மறைத்துச் சிரிக்கத் தெரிந்தவர்கள் நல்லவர்கள் என்று பெயர் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு முகத்தில் தெரிந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வயிற்றெரிச்சல் ஒரு காரின் இன்ஜின் ஆயிலில் போய் மாட்டிக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்குப் பின்னால், அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்திருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளையும் ஒரு பக்கம், அவர் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் ஒரு பக்கம், நடுவில் மாமியார். பரம்பரையாக மரவேலை செய்த குடும்பம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் உளியைவிட ஸ்டியரிங் பிடித்துப்போய், இருவருமே பெரிய வீட்டு டிரைவர்களாகி விட்டார்கள். பெரிய வீட்டில் அப்போது ஆச்சி மட்டும்தான் இருந்தார். பிள்ளைகள் எல்லாம் மதராஸில். கல்யாணம், திருவிழா என்றால்தான் அந்த வீட்டின் அறைகளைத் திறப்பார்கள்.

கார் இரண்டு இருந்தன. கறுப்புக் கார் ஆச்சியின் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் வாங்கியது. அதை என் வீட்டுக்காரர் ஓட்டினார். வெள்ளைக் கார் புதிது. அதை ஓட்டும் பாக்கியம் கொழுந்தனுக்கு வாய்த்தது. தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கிளட்ச் எது பிரேக் எது என்று கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். ஆனால் புது வண்டி வந்ததும் ஆச்சி, "சின்னவன் குலுங்காம ஓட்டுறான், அவனே எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு நன்றாக இறங்கியது.

வேலையும் அப்படித்தான் பிரிந்தது. மூட்டை முடிச்சு ஏற்றுவது, மதராஸிலிருந்து வருகிறவர்களுக்காகக் காரைக்குடி ரயிலடியில் காத்துக் கிடப்பது, மதுரைக்கும் திருச்சிக்கும் ஓடுவது எல்லாம் கறுப்பு வண்டிக்கு. ஆச்சியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விடுவது, பக்கத்துத் தெருவில் விசேஷம் என்றால் அங்குட்டுப் போய் இறக்கிவிட்டு வருவது, எப்போதாவது காரைக்குடிக் கடைக்குப் போவது எல்லாம் வெள்ளை வண்டிக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒருவர் சட்டை புழுதியும் வேர்வையுமாக இருக்கும். இன்னொருவர் சட்டையில் காலையில் போட்ட மடிப்பு அப்படியே இருக்கும். அந்த மடிப்பைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும்.

இந்த நிலையில்தான் ஆயில் விவகாரம் கிளம்பியது. கறுப்பு வண்டி ஆயில் குடிக்கும். ஒரு தடவை மதுரை போய்விட்டு வந்தால், இன்ஜினுக்குள் விட்டு ஆயில் பார்க்கிற கம்பியில் அளவு இறங்கியிருக்கும். என் வீட்டுக்காரர் பெரிய வீட்டுக் கணக்கப்பிள்ளையிடம் போய் ஆயில் டின் கேட்பார். வெள்ளை வண்டிக்கோ ஆயிலே கேட்பதில்லை. பழையதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுகிற நாள்வரை ஒரு சொட்டு ஊற்ற வேண்டியதில்லை. கொழுந்தன் கம்பியை உருவிக் கணக்கப்பிள்ளையிடம் காட்டுவான். மேல் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும்.

தம்பி பெண்டாட்டி, என் ஓரகத்தி, சும்மா இருப்பாளா? கிணற்றடியில் நான்கு பேர் இருக்கும்போது பார்த்துத்தான் சொல்வாள். "எங்க வண்டிக்கு ஆயிலே ஊத்த வேணாம்க்கா. அவுக கை ராசி அப்படி." வாளியை அவள் தலையில் கவிழ்க்கலாமா என்று தோன்றும். "கை ராசியா, வேலையே இல்லாத ராசியா" என்று நானும் கேட்டுவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் வந்தவர் கை கால் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டுக் கேட்டு வாயைப் பிடுங்கினேன். கணக்கப்பிள்ளை வாசலில் நாலு பேரை வைத்துக்கொண்டு, "வண்டி குடிக்குதாப்பா, வண்டிக்காரன் விக்கிறானா?" என்று கேட்டிருக்கிறார். தம்பியும் அங்கேதான் நின்றிருக்கிறான். வாயைத் திறக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. தை மாதம் ஆச்சியின் பேத்திக்குக் கண்டனூர் வீட்டில் கல்யாணம். அது முடிந்ததும் வீட்டுக்கு ஒரு வண்டி போதும், ஆயில் குடிக்கிறதைத் தள்ளிவிடலாம் என்று ஆச்சியின் மகன் மதராஸிலிருந்து சொல்லிவிட்டாராம். வண்டி போனால் வண்டிக்காரரும் போக வேண்டியதுதான். குடியிருக்கிற வீடும் போகும். வேலை போவதுகூடப் பெரிதில்லை, ஆயில் திருடி விற்றவன் என்ற பெயரோடு போக வேண்டும். தம்பியும் அவன் பெண்டாட்டியும் அதே முற்றத்தில் உட்கார்ந்து நாங்கள் சாமான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதுதான் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது.

"நிசமாவே அது குடிக்குதா, எங்கேயாச்சும் ஒழுகுதா?" என்று அவரைக் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. இப்படிக் கேட்க ஆள் இல்லாமல்தான் இருந்தார் போல, நிதானமாகச் சொன்னார்.

"ஓடுற இன்ஜின்னா ஆயிலைக் கொஞ்சம் குடிக்கத்தான் புள்ள செய்யும். உள்ளுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசாம இருக்க ஆயில் தடவிக்கிட்டே இருக்கும். தடவினதுல கொஞ்சம் சூட்டுல எரிஞ்சு போகும். நீ தோசைக்கல்லுல தடவுற எண்ணெய் அப்படியேவா கெடக்கு? வயசான வண்டிக்கு உள்ளுக்குள்ள தேய்மானம் இருக்கும், கூடக் கொஞ்சம் எரியும். தூரம் போனா அதுக்கும் மேல. கம்பியில ரெண்டு கோடு எதுக்குப் போட்டிருக்கான்? மேல இருந்து கீழ இறங்கும்னுதான். கீழ்க்கோட்டுக்குப் போறதுக்குள்ள ஊத்திக்கிட்டா ஒண்ணும் கெடாது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தோசைக்கல் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் விளங்கியதும் அடுத்த கேள்வி தானாக வந்தது.

"அப்ப உங்க தம்பி வண்டி மட்டும் ஏன் ஒரு சொட்டும் குடிக்கலை?"

"புது வண்டி. அதிகம் ஓடவும் இல்லை."

"புதுக்கல்லா இருந்தாலும் தடவின எண்ணெய் எரியத்தானே செய்யும். இது குறையவும் இல்லாம, கோட்டுக்கு மேலல்லவா நிக்குது?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "உனக்கு எதைப் பார்த்தாலும் அவுகளைத்தான் இழுக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நியாயமாகக் கேட்டாலும் என் வாயிலிருந்து வந்தால் அது வயிற்றெரிச்சல்தான். ஆனால் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது.

வண்டி துடைக்கிற துணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழிந்த வேட்டியைக் கிழித்து டிரைவர்கள் வைத்திருப்பார்கள். கம்பியை உருவித் துடைப்பது, இன்ஜின் மேல் கசிவைத் துடைப்பது எல்லாம் அதில்தான். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வரும். வாஷிங் சோடா போட்ட வெந்நீரில் ஊற வைத்து அலசிக் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் துணியை நான் அலசுவேன். அவள் வீட்டுக்காரர் துணியை அவள் அலசுவாள். அந்த மார்கழியில் அவள் முழுகாமல் இருந்தாள். "இந்தத் துணி நாத்தம் கொமட்டுது அத்தை" என்று மாமியாரிடம் போய்ச் சொன்னாள். மாமியார் என்னைப் பார்த்து, "அதையும் சேத்து நீயே அலசிரு" என்றார். நான் பிள்ளை உண்டானபோது இதே துணியை ஒன்பது மாசமும் நான்தான் அலசினேன். அப்போது எனக்குக் குமட்டவில்லையாம். மினுக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டே துணியைக் கையில் எடுத்தேன்.

எடுத்ததும் எனக்கும் குமட்டியது. பெட்ரோல் நாற்றம்.

என் வீட்டுக்காரர் துணியை மறுபடி எடுத்து மோந்தேன். வடை சுட்ட சட்டியின் அடிக் கருகல் மாதிரி ஒரு வாசம், கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. கொழுந்தன் துணி அப்படியில்லை. கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் விரலில் வைத்துத் தேய்த்தால் வழவழப்பே இல்லாமல் தண்ணியாக ஓடியது. வெந்நீரில் போட்டதும் நெடி மூக்கில் ஏறியது. ஒரு வாரம் தற்செயலாக இருக்கலாம் என்று அடுத்த வாரமும் பார்த்தேன். அதே நெடி, முன்னைவிடக் கூடுதல். கம்பியில் ஏன் குறையவில்லை என்று எனக்குப் பிடிபட்டது. குறைகிற ஆயிலுக்குப் பதிலாக எங்கிருந்தோ பெட்ரோல் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. மோரில் தண்ணீர் விட்டால் பானையில் அளவு குறையாது, மோர்தான் இருக்காது.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். கொழுந்தனைப் பார்த்தே சொன்னேன். "தம்பி, உங்க வண்டி ஆயில்ல பெட்ரோல் கலக்குது. துணி நாறுது. தூரம் தொலைவு போறதுக்கு முந்தி ஒர்க்ஷாப்புல காட்டிருங்க."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசம் வராம மல்லிகைப்பூ வாசமா மதினி வரும்?"

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. வாழுகிற பிள்ளை வண்டியைப் பற்றி விளக்கு வைக்கிற நேரத்தில் இப்படியா பேசுவது என்று என்னைக் கடிந்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நீங்களாச்சும் ஒரு தரம் அந்தக் கம்பியை உருவி மோந்து பாருங்க" என்றேன்.

"ஒருத்தன் வண்டி பானட்டை இன்னொருத்தன் தொறக்க மாட்டான். அவன் என் தம்பியா இருந்தாலும் தொறக்க மாட்டேன்" என்றார். டிரைவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் இருந்தது, உண்மைதான். ஆனால் அவர் அதோடு விடவில்லை. "உன் வயித்தெரிச்சலை என் தம்பி சோறு திங்கிற நேரத்துல கொட்டாதே" என்றார். இத்தனைக்கும் திருட்டுப் பட்டம் சுமந்துகொண்டு நின்றது அவர்தான். எல்லோர் முன்னாலும் அவர் அப்படிச் சொன்னது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்துக் கொழுந்தனுக்குச் சுற்றினார். பெரிய வீட்டுக் கொட்டகைக்குப் போய் வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டார். மிளகாய் கருகியும் நெடியே வரவில்லை, அவ்வளவு கண்ணு விழுந்திருக்கிறது என்றார். எனக்கு நெடி ஏறி இருமல் வந்தது. இருமுவதுகூட நடிப்பு என்றார்கள். வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். பானட்டைத் திறந்து பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓரகத்தி நான் வந்தால் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு நகர்ந்து போனாள்.

கல்யாணத்துக்குப் பட்டெடுக்க ஆச்சி மதுரைக்குக் கிளம்பினார். மாப்பிள்ளை வீட்டார் அங்கே கடைக்கு வருகிறார்கள், கறுப்பு வண்டியில் போய்ப் புகை விட்டுக்கொண்டு இறங்கினால் மரியாதையா? வெள்ளை வண்டி போனது. கொழுந்தன் கிளம்பும் முன் கம்பியை உருவிப் பார்த்தான். மேல் கோட்டுக்கு மேல் இருந்தது. திருப்தியாகச் செருகினான். நான் பின்வாசலில் நின்று பார்த்தேன். சொன்னதைத் திரும்பச் சொன்னால் அதற்கும் ஒரு பூசணிக்காய் உடைப்பார்கள்.

மத்தியானத்துக்கு முன்னால் காரைக்குடி பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து பெரிய வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். திருப்பத்தூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் தடதடவென்று அடித்து அப்படியே இறுகிப்போனதாம். ஆச்சி ஒரு புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறாராம். கணக்கப்பிள்ளை ஓடி வந்தார், என் வீட்டுக்காரரைத் தேடி. இவர் ஓடவில்லை. பானட்டைத் திறந்தார், கம்பியை உருவினார், துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார், குறைந்திருந்த அளவுக்கு ஆயில் ஊற்றினார். கணக்கப்பிள்ளை அந்த டின்னைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். ஆச்சி அன்று கறுப்பு வண்டியில் புகை விட்டுக்கொண்டே மதுரைக்குப் போய்ப் பட்டெடுத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளை வண்டியைக் கட்டி இழுத்துக் காரைக்குடி ஒர்க்ஷாப்பில் போட்டார்கள். இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்புக்குள் இருந்த ரப்பர்த் தோல் கிழிந்து, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. கோயிலுக்கும் கடைக்கும் போகிறவரை அந்தத் தண்ணி ஆயிலிலேயே சமாளித்தது. மதுரை ரோட்டில் விரட்டி ஓட்டியதும் இரும்போடு இரும்பு உரசிப் பிடித்துக்கொண்டது. இதை என் வீட்டுக்காரர்தான் வந்து மாமியாரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. தம்பியின் துணியைக் கையில் வைத்திருந்தார். அதை மூக்கருகே கொண்டுபோனார், பிறகு என் பக்கம் திரும்பாமல் துவைக்கிற கல்லில் போட்டுவிட்டுப் போனார். நீ சொன்னது சரி என்று அந்த மனிதர் ஒரு நாளும் சொன்னதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஆச்சியின் மகன் வெள்ளை வண்டியைத்தான் தள்ளிவிட்டார். கறுப்பு வண்டி நின்றது. ஆயில் டின் கேட்டால் கணக்கப்பிள்ளை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். கொழுந்தனுக்கு வேலை போனது. என் வீட்டுக்காரர் ஆச்சியிடம் போய்த் தம்பிக்காகக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அவர்கள் சாமான் கட்டினார்கள், நான் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் பயந்த அதே காட்சி, ஆட்கள் மட்டும் இடம் மாறியிருந்தோம். ஓரகத்திக்கு வயிறு மேடிட்டிருந்தது. தாய் வீட்டுக்குக் காளையார்கோவிலுக்குப் போகிறவள் படியிறங்கும்போது திரும்பி, "உங்க கண்ணு பட்டது போதும்க்கா" என்றாள்.

எனக்குத் தலைக்கேறியது. வாயால் சொன்னேனே, கேட்டீர்களா என்று கத்த நினைத்தேன். பிள்ளைத்தாச்சியாக நிற்கிறவளிடம் என்னத்தைக் கத்துவது? ஊரில் அவள் சொன்னதுதான் நின்றது. பம்பு கிழிந்த கதை யாருக்கும் நினைவில்லை. என் கண்தான் நினைவில் இருந்தது. புதுப்புடவை கட்டியவர்கள் என் எதிரே வராமல் சுற்றிப் போனார்கள்.

எழுபதுகளின் நடுவில் கொழுந்தன் காரைக்குடிக்கு வந்துவிட்டான். அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் சொந்தமாக ஒரு கார் வாங்கி டாக்சி விட்டான். சொந்தமாக. என் வீட்டுக்காரர் இன்னும் அடுத்தவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேதி கேட்ட அன்று எனக்குள் மறுபடி பத்திக்கொண்டது. எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நெருப்பு எனக்கு அணைந்ததில்லை. "தம்பி நல்லா இருக்கட்டும்" என்றார் அவர். இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு பங்குனி வெயிலில் ஓரகத்தி டவுன் பஸ் ஏறி வந்து எங்கள் வாசலில் நின்றாள். படியிறங்கிப் போன பிறகு அன்றுதான் அந்தப் படி ஏறுகிறாள். இளைத்திருந்தாள். கழுத்தில் புதுச் சங்கிலி இருந்தது, அதை நான் பார்க்காமல் இல்லை. பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே வண்டி துடைத்த துணி.

"மோந்து பாருங்கக்கா" என்றாள்.

"என்னவாம்?"

"வண்டி வாங்கினதுல இருந்து தூரம் போயிட்டு வந்தா ஆயில் கொஞ்சம் குறையுது. அவுக இதெல்லாம் சகஜம்ங்கிறாக. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. குறைஞ்சாலும் பயமா இருக்கு, ஒருநா குறையாட்டி அதுக்கு மேல பயமா இருக்கு. இருக்கிறதெல்லாம் போட்டு வாங்கின வண்டிக்கா. நீங்க சொல்லுங்க."

துணியை வாங்கி மூக்கில் வைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, பெட்ரோல் நெடி வருகிறதா என்று தேடித்தான் மோந்தேன். வரவில்லை. விரலில் தேய்த்தேன், கெட்டியாக வழுக்கியது. மறுபடி மோந்தேன். லேசான கருகல் வாசம், எங்கள் கறுப்பு வண்டித் துணியில் வருவதில் பாதிகூட இல்லை. நல்ல இன்ஜின். எவ்வளவு குடிக்க வேண்டுமோ அவ்வளவுதான் குடிக்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாது. என் வயிறு எரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். "குறையத்தான் செய்யும். கீழ்க்கோட்டுக்குப் போறதுக்கு முந்தி ஊத்தச் சொல்லு. குறையாம மேல ஏறுச்சுன்னா அப்ப வா."

"அப்பச் சரிக்கா" என்று உடனே பொட்டலத்தை மடித்தாள். முகம் தெளிந்துவிட்டது.

எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. "என்ன, இன்னைக்கு ஒரு வார்த்தையிலே நம்பிட்டே?"

அவள் மடித்துக்கொண்டே சொன்னாள். "வேற யாரு சொல்லியிருந்தாலும் எனக்கு மனசு ஆறாதுக்கா. எங்களுக்கு ஒரு கெட்டது வர்றதா இருந்தா அது உங்க மூக்குக்குத்தான் மொதல்ல தெரியும். நீங்களே நல்லா இருக்குன்னு சொன்னா, நல்லாத்தான் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கினேன். வெந்நீர் வைத்து, சோடா போட்டு, அந்தத் துணியை வெளுக்கும்வரை அலசிக் கொடியில் போட்டேன். அது காயும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனாள்.